எட்டாவது பேட்டரியின் உரிமையாளர்

கஜா பெராங் சாலையில் ஷம்சுதீன் பாய் கடையில் சார்ஜர் ஒன்றுதான், பேட்டரிகள் எட்டு. பத்து வருடமாக அந்த ஒன்றும் இந்த எட்டும் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்தி வந்தன. அரசாங்கத்துக்கு அது பொறுக்கவில்லை.

பாய் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மின்சாரம் எட்டிப் பார்க்காத கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீடுகளிலிருந்து ரேடியோ பேட்டரிகள் சைக்கிளில் கட்டி வரும். புக்கிட் ரம்பாயிலிருந்துகூட வரும். ஒன்று பாய் வீட்டு ரேடியோவுடையது. எல்லாம் ஆறு வோல்ட், ஒரே அளவு. கார் பேட்டரியை இவற்றோடு சேர்க்க மாட்டார். மூடிகளைத் திருகித் திறந்து, காய்ச்சி வடித்த தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றுவார். ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததின் மைனஸ்ஸோடு கோத்து எட்டையும் ஒரே சங்கிலியாக்குவார். ஜன்னலைத் திறந்து வைத்து, பீடியோடு நிற்கிறவனை வெளியே துரத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போடுவார். இடையில் கம்பியைத் தொட வேண்டுமென்றால் முதலில் சுவிட்சை அணைப்பார். பேட்டரி விடுகிற மூச்சில் ஒரு பொறி பட்டால் கடையோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும். சங்கிலியில் ஒன்று படுத்தால் எட்டும் நின்றுவிடும் என்பதும் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறது என்று அவர் நினைத்ததில்லை.

1957 தொடக்கத்தில், வெள்ளைக்காரன் மலாய் நாட்டை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கால்சட்டையில் பேட்டரி அமிலம் பட்டு ஓட்டை விழுந்தது. ஓட்டை எந்த இடத்தில் விழுந்தது என்பது ரகசியக் கோப்பில் இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கப் பிறந்ததுதான் மின்கல ஏற்றப் பாதுகாப்பு இலாகா. பதினோரு உத்தியோகஸ்தர்கள், பதிமூன்று மேசைகள், ஏழு முத்திரைகள். பேட்டரி ஒன்றுகூடக் கிடையாது. அது ஆபத்தான பொருள் என்பதால் கட்டடத்துக்குள் கொண்டுவரத் தடை.

இலாகாவுக்கு ஆற்றோரத்துப் பழைய கிடங்கைக் கொடுத்திருந்தார்கள். வாசல் பலகைக்குப் புதிதாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் அடியில் இருந்த எழுத்துகள் லேசில் அடங்குகிறவையாக இல்லை. மழை ஈரம் பட்டால் புது எழுத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்தும், அதற்கும் அடியில் ஜப்பான் எழுத்தும் மெல்ல மேலே வரும். பியூன் தம்பிராஜா வாரத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டான்.

மே மாதத்தில் இலாகாவின் உதவி அதிகாரி கருணாகரன், மலாய் வழக்கில் 'துவான்', அதாவது ஐயா, பாயின் கடைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் குடையோடு தம்பிராஜா, அவனுக்குப் பின்னால் ஏட்டோடு தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா, நல்லையா. எட்டு பேட்டரிகளும் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

"இது யாருடையது?" என்று தம்பிராஜாவின் குடையை வாங்கி, முதல் பேட்டரியை அதன் கம்பியால் காட்டினார் கருணாகரன். பாய் பதறிப்போய் முதலில் சுவிட்சை அணைத்தார்.

"அஜீஸ் பாயோடது, துவான். பலசரக்குக் கடை."

"அடுத்தது?"

"பொன்னுதுரையோடது."

"அப்துல் அஜீஸின் பேட்டரியில் புகுந்த மின்சாரம், அப்படியே பொன்னுதுரையின் பேட்டரிக்குள்ளும் போகிறதா?"

"எல்லாத்துக்குள்ளயும் போவும் துவான். ஒரே ஓட்டந்தான் லா."

"பொன்னுதுரையிடம் சம்மதம் கேட்டீரா?"

பாய் யோசித்தார். பத்து வருடத்தில் அப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. "கேக்கலியே," என்றார். நல்லையா அதை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

"சரி. முதலில் உள்ளவருக்கு அதிகமும் கடைசியில் உள்ளவருக்குக் குறைவும் போகும் அல்லவா?"

"இல்ல துவான். எட்டுக்கும் ஒரே அளவுதான் போவும்."

கருணாகரன் முகம் இருண்டது. "எட்டுக்கும் ஒரே அளவா? பலசரக்குக் கடை முதலாளிக்கும் கூலிக்காரனுக்குமா? யாருமே மனுப் போடாமல், யாருமே கையெழுத்து வைக்காமல், தானாகவே சமமாகப் போகிறதா? ஐயா, நான் மூன்று ராஜாங்கத்துக்கு வேலை பார்த்தவன். நான்காவது இன்னும் சில மாதங்களில் வரப்போகிறது. எல்லோருக்கும் எல்லாம் தானாகவே சமமாகப் போய்ச் சேருமானால், நாங்கள் எதற்கு?"

சங்கிலியைப் பிரிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. ஒரே சார்ஜரில் பல பேட்டரிகள் ஏற்றுவதென்றால், ஒவ்வொரு உரிமையாளரும் மற்ற ஏழு பேருக்கும் தனித்தனியே சம்மதம் தர வேண்டும். ஐம்பத்தாறு கையெழுத்து. எட்டும் சேராமல் ஒன்றுக்கும் அனுமதி இல்லை.

பாயையும் சேர்த்து ஏழு பேரிடம் கையெழுத்து வாங்குவது இரண்டு வாரத்தில் முடிந்தது. எட்டாவது பேட்டரியின் உரிமையாளர் பெயர் சேதுபதி. அவரிடம்தான் சிக்கல்.

சேதுபதி 1943இல், ஜப்பான்காரன் ஆட்சியில், சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். அங்கே போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் சேதுபதி செத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஆகவே அவருடைய மனைவி பாக்கியலட்சுமியைப் பொறுத்தவரை அவர் வந்துகொண்டிருக்கிறார், வழியில் கொஞ்சம் தாமதம். அவள் ரப்பர் கிடங்கில் ஷீட் தரம் பிரிக்கிறவள். நெற்றியில் குங்குமம் ஒருநாளும் குறைந்ததில்லை. ரேடியோ அவர் வாங்கியது, பேட்டரியும் அவர் பெயரில்தான். என்றைக்காவது ஊர் திரும்புகிறவர்கள் பெயரை ரேடியோவில் வாசிப்பார்கள், அன்றைக்குப் பார்த்துப் பேட்டரி இறங்கியிருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

"ஆகஸ்டு முப்பத்தொண்ணாந்தேதி சுதந்திரம் வருதுல்ல பாய்? இனிமே நம்ம ஆளுங்க கவர்மெண்டு. நம்ம பேர வாசிக்காமயா போயிருவாங்க?" என்பாள். கடையில் யாராவது வாய் தவறி 'செத்த பேட்டரி' என்றால் அவளுக்கு ஆகாது. "தூங்குதுன்னு சொல்லுங்க," என்பாள். அவளுக்காகவே பாய் கடையில் எந்தப் பேட்டரியையும் சாகவிட்டதில்லை. எல்லாம் தூங்கும்.

படிவம் வந்தபோதுதான் பிசகிவிட்டது. சுதந்திர நாட்டுக்கு ஏற்ற மாதிரி அதை இலாகா மலாய் மொழியில் அச்சடித்திருந்தது. உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம். யாருடைய நிலை என்று போடவில்லை. பேட்டரிப் படிவத்தில் பேட்டரியின் நிலையைத்தானே கேட்பார்கள்? பாய் எட்டையும் பார்த்துப் பார்த்து ஒழுங்காக நிரப்பினார். அஜீஸுக்கு நேரே 'ஒழுகுகிறது', பொன்னுதுரைக்கு நேரே 'வலுவில்லை', இன்னொருவருக்கு 'வயிறு உப்பியிருக்கிறது'. சேதுபதிக்கு நேரே வந்ததும் பென்சில் ஒரு நிமிடம் நின்றது. தூங்குகிறது என்று எழுதலாமா என்று நினைத்தார். கவர்மெண்டுக் காகிதத்தில் விளையாடக் கூடாது என்று, சார்ஜ் சுத்தமாக இறங்கிய பேட்டரிக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற சொல்லையே எழுதினார்: மாத்தி. மலாயில் அணைந்த விளக்கும் மாத்தி, நின்ற கடிகாரமும் மாத்தி, செத்த மனிதனும் மாத்திதான்.

ஜூலையில் விளைவுகள் வரத் தொடங்கின. ஒழுகுகிற அஜீஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஓலை வந்தது. அவர் போய், எங்கும் ஒழுகவில்லை என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தார். வலுவில்லாத பொன்னுதுரை, ஆறடி உயரத்தில் மூட்டை தூக்குகிறவர், சாட்சிகளுக்கு முன்னால் ஒரு மேசையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. இலாகா பதிமூன்று மேசைகள் வைத்திருந்ததன் பயன் அன்றுதான் தெரிந்தது. சாலை முழுக்கச் சிரிப்பு. பாயும் சிரித்தார்.

பிறகு பாக்கியலட்சுமி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பாய் வாசிக்கத் தொடங்கினார்.

"தங்கள் கணவர் சேதுபதி மரணமடைந்ததை இலாகா வருத்தத்துடன் ஏட்டில் பதிவு செய்துள்ளது..."

மீதியை அவர் வாசிக்கவில்லை. அவள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பாய் சொன்னாங்க? யாராச்சும் பாத்தாங்களா? ஆளு யாரும் வந்தாங்களா?"

"யாரும் பாக்கல தங்கச்சி. நாந்தான். நான்... பேட்டரிய எழுதினேன். அவுங்க ஆள எழுதிட்டாங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாய்க்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பதினாலு வருடமாக ஒரு ஜப்பான்காரனோ, ஒரு கொள்ளைநோயோ அவளிடம் வந்து சொல்லத் துணியாத ஒன்றை, பாய் ஒரு பென்சிலால் செய்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து கடையில் அந்த எட்டாவது பேட்டரியின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவரால் முடியவில்லை. பட்டப்பகலில், கடைத்தெரு நடுவில், யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது.

மறுநாள் அவர் இலாகாவுக்கு ஓடினார். நல்லையா மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"கிராணி ஐயா, தப்பாயிருச்சு. அந்த சேதுபதி கட்டத்துல கொஞ்சம் மாத்தி எழுதுங்க."

நல்லையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏட்டைப் பார்த்தார். "மாத்தி எண்டுதானே எழுதிக் கிடக்கு?"

"அந்த மாத்திய மாத்தி எழுதணும் ஐயா."

"மாத்தியை மாத்தி எண்டு எழுதினா அது மாத்திதானே? இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீர்?"

கால் மணி நேரம் இப்படியே போன பிறகு கருணாகரன் தமது அறையிலிருந்து வெளியே வந்தார். "இறந்தவர் உயிரோடு இருப்பதாக ஆட்சேபம் இருந்தால், இறந்தவர்தான் நேரில் வந்து எழுதித் தர வேண்டும்," என்றார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இறந்தவர்களுக்கு இந்த அலுவலகக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது."

அதை அவர் சும்மா சொல்லவில்லை. கூடத்தில் எட்டு நாற்காலிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை ஒட்டச் செய்தார். சேதுபதியின் நாற்காலியும் அதில் ஒன்று. ஒருநாள் கால் வலிக்கிறது என்று பொன்னுதுரை அதில் உட்காரப் போக, தம்பிராஜா ஓடிவந்து தடுத்தான். "அண்ணே, அதுல ஆளு இருக்காங்க." தம்பிராஜா தினமும் அதைத் துடைத்தான். ஆகஸ்டு மாதத்தில் மற்ற ஏழு நாற்காலிகளிலும் தூசி படிந்தது. அது மட்டும் யாரோ உட்கார்ந்து எழுந்து போகிற நாற்காலி மாதிரி வழவழப்பாயிற்று. துவான் கருணாகரன் கூடத்தைக் கடக்கும்போது அதற்கு நேரே மட்டும் லேசாகத் தலையசைத்தார். அவருக்கே தெரியாமல் வந்த பழக்கம் அது.

சுதந்திர தினம் சனிக்கிழமை. எட்டு பேட்டரிகளும் நிரம்ப ஒன்றரை நாள் வேண்டும். வியாழக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, நேரில் ஆஜராகும் விசாரணை என்று இலாகா அறிவித்தது. எட்டு உரிமையாளர்களின் பெயரும் மும்மூன்று முறை கூப்பிடப்படும். பதில் வந்தால் ஆள் உண்டு. வராவிட்டால் மாத்தி, நிரந்தரமாக.

புதன்கிழமை நல்லையா கடைப்பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்குப் பேர் கூப்பிடேக்க ஆரும் ஒராள் 'அடா' எண்டு சொன்னாப் போதும். நான் ஏட்டைப் பாக்கிறவன். முகத்தைப் பாக்கிறவன் இல்லை. இத்தனை வருசமும் அப்பிடித்தான்." சொல்லிவிட்டு நில்லாமல் போய்விட்டார்.

அடா என்றால் மலாயில் இருக்கிறேன் என்று அர்த்தம். பாய்க்கு உயிர் வந்தது. சேதுபதிக்காகத் தாமே 'அடா' சொல்வதென்று முடிவு செய்தார். பாக்கியலட்சுமியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கினாள். "ஏட்டுல அவரு உசிரோட இருந்தாப் போதும் பாய். நீங்க சொல்லுங்க."

வியாழக்கிழமை காலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பாக்கியலட்சுமி வாசலிலேயே தயங்கினாள். இந்தக் கிடங்கின் பக்கம் அவள் பதினாலு வருடமாக வந்ததில்லை. ரப்பர் கிடங்குக்குப் போகக்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். பாய் கையசைத்துக் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

கருணாகரன் எழுந்து பேசினார். "பாதுகாப்பு என்றால் என்ன? ஒரு தவறு நடக்கும்போது, அது யார் தவறு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதுதான் பாதுகாப்பு. இந்த இலாகா தொடங்கி இன்றுவரை இந்த வட்டாரத்தில் ஒரு பேட்டரி விபத்தும் இல்லை. காரணம், ஒரு பேட்டரியும் ஏற்றப்படவில்லை. இந்தச் சாதனையைச் சுதந்திர நாட்டுக்குப் பரிசாகத் தருகிறோம்." தம்பிராஜா கைதட்டினான்.

நல்லையா ஏட்டைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அவர் பெயர் வாசிப்பதில் ஒரு பாணி இருந்தது. ஒவ்வொரு பெயரையும் துண்டு துண்டாக, விறகு வெட்டுகிற மாதிரி வாசிப்பார்.

"சே. து. பதி."

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்போது பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். அதில் இரத்தமே இல்லை. அவள் நல்லையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சே. து. பதி."

பாய் வாயைத் திறந்தார். அவள் பாய்ந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் பாய்! சொல்லாதீங்க!"

நல்லையா ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இதே எடந்தான்," என்றாள் அவள். அது எல்லோருக்கும் கேட்டது. "இதே மாதிரிதான் வரிசையா ஒக்காத்தி வெச்சாங்க. ஜப்பான்காரன் பக்கத்துல நின்னான். இந்த ஐயாதான் பேரு வாசிச்சாரு. இதே மாதிரி, வெட்டி வெட்டி. மொத தடவ கூப்புட்டப்ப அவரு பேசாம இருந்தாரு. ரெண்டாந்தடவயும் பேசாமதான் இருந்தாரு. நாந்தான்... நாந்தான் பயந்துபோய், கூப்புடுறாங்கள்ல, சொல்லுங்கன்னு இடிச்சேன். மூணாந்தடவ 'அடா'ன்னாரு. வெளிய லாரி நின்னுச்சு. ஏத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் அவரு பேச்சே கேக்கல."

நல்லையாவின் கையிலிருந்த பேனா மேசைமேல் உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.

"அன்னிக்கி வரிசையில பேசாம இருந்த நாலு பேர 'இல்ல'ன்னு ஏட்டுல எழுதி விட்டுட்டாங்க. அவுங்கல்லாம் இன்னிக்கி ஊர்ல புள்ளகுட்டியோட இருக்காங்க." அவள் மூச்சு வாங்கினாள். "இவரு ஏட்டுல உசிரோட இருந்தா மறுபடி கூப்புடுவீங்க. மாசா மாசம் கூப்புடுவீங்க. வேணாம் ஐயா. மாத்தி எழுத வேணாம். மாத்தின்னே எழுதிருங்க."

"நல்ல முடிவு," என்றார் கருணாகரன். அவருக்குப் பேச்சு பாதிதான் புரிந்தது. "நல்லையா, எழுதும்."

தம்பிராஜா பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தான். நல்லையா வெகுநேரம் எடுத்து அந்த ஒரு சொல்லின் மேலேயே எழுதினார்.

"அடுத்தவர்," என்றார் கருணாகரன்.

"அப்துல் அஜீஸ்," என்று வாசித்தார் நல்லையா. இந்த முறை வெட்டாமல் வாசித்தார்.

அஜீஸ் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தவர், பாக்கியலட்சுமியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள். மாத்தி.

பொன்னுதுரை, ஆறடியும் குறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். மாத்தி. அடுத்தவர், அதற்கடுத்தவர். கடைசியாக, ஏழாவது பேட்டரிக்காரர் என்ற முறையில் ஷம்சுதீன். தன் பெயர் அந்தக் கூடத்தில் மூன்று முறை எழுந்து, யார்மேலும் இறங்காமல் அலைந்ததைப் பாய் கேட்டார். கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கருணாகரன் திகைத்துப்போய்க் கூடத்தைப் பார்த்தார். "அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் யார்?"

"தெரியலிங்க துவான்," என்றான் தம்பிராஜா. அவனும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "கூப்பிட்டுப் பாத்தாச்சு. யாரும் இல்லீங்க."

கருணாகரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இறந்தவர்கள் ஒரே சார்ஜரில் பல பேட்டரிகளை ஏற்றுவதற்குத் தடை எதுவும் அதில் இல்லை. அவர் முகம் தெளிந்தது. கோப்பு மூடப்பட்டது.

மத்தியானமே சங்கிலி கோக்கப்பட்டது. ஜன்னல் திறந்திருக்க, மூடிகள் திறந்திருக்க, எட்டும் ஒன்றாகக் குமிழி விட்டன. சனிக்கிழமை கம்பத்தில் எட்டு ரேடியோக்களும் பாடின. பாக்கியலட்சுமி வீட்டு ரேடியோவில் எந்தப் பெயர்ப் பட்டியலும் வாசிக்கப்படவில்லை. நல்லவேளை என்று அவள் சொன்னதாக அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

இலாகா அந்த வருட அறிக்கையில், கஜா பெராங்கில் ஒரே சார்ஜரில் பல பேட்டரிகள் ஏற்றுகிறவர்களில் உயிருள்ளவர் எவரும் இல்லை, ஆகவே உயிராபத்துக்கு இடமே இல்லை என்று எழுதியது. துவான் கருணாகரனுக்குப் பதவி உயர்வு வந்தது.

அக்டோபரில் எட்டு வீட்டு மனைவிமார்களுக்கும் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. கணவர் இறந்த தேதியை எழுதி அனுப்ப வேண்டுமாம். சாலையில் மறுபடியும் ஒரே கூத்து. பாயின் மனைவி ஆயிஷா, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, தன் கல்யாணத் தேதியை எழுதச் சொன்னாள். அஜீஸ் மனைவி அவர் கடையில் கடன் கொடுக்க ஆரம்பித்த தேதியைச் சொன்னாள். பாய் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார். கடைசியாகப் பாக்கியலட்சுமியின் கடிதம் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத விட்டுரலாம் தங்கச்சி. நான் போய்ப் பேசிக்கிறேன்."

"இல்ல பாய். எழுதுங்க. நாப்பத்திமூணு, ஜூன் ஒம்பது. பொதங்கெழம." அவள் குரலில் தடுமாற்றம் இல்லை. "'அடா'ன்னு சொன்னாரே, அந்த நாளு."

பாய் எழுதினார். எட்டும் ஒரே உறையில் இலாகாவுக்குப் போயின. இரண்டு வாரத்தில் ஏழு தேதிகளும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தன. எட்டாவதைப் பற்றி நல்லையா எதுவும் கேட்கவில்லை.